நோன்பும் நீரிழிவு நோயாளியும்

ரமளான் பிறை தென்பட்டதும் நம் வீடுகள் சிலவற்றில் சர்க்கரை வியாதிக்காரரின் மாத்திரைப் பெட்டி அலமாரிக்குள் போய்விடுகிறது. "ஒரு மாதம்தானே, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்கிறார் பெரியவர். தவக்குல் உயர்ந்தது. ஆனால் அந்த அல்லாஹ்தான் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையையும் அருளியிருக்கிறான். சலுகையை ஏற்பதும் வழிபாடுதான் என்பதை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குச் சென்று, அஸர் தொழுதுவிட்டுத் திரும்பும் ஒரு சகோதரரை எண்ணிப் பாருங்கள். தாம்பரம் தாண்டும்போது கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண் மங்குகிறது. மக்ரிபுக்கு இன்னும் அரை மணி. "இவ்வளவு நேரம் பொறுத்தோம், இன்னும் கொஞ்சம்தானே" என்று கண்ணை மூடிச் சாய்கிறார். ஆபத்து இங்கேதான். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை உடனே விட வேண்டும் என்கிறது மருத்துவம். 300க்கு மேல் ஏறினாலும் அப்படியே. உயிருக்கு அஞ்சும் நிலையில் நோன்பை விடுவதே கடமை என்கிறது ஷரீஅத். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. இதற்கஞ்சிச் சோதிக்காமலே இருப்போர் நம்மில் பலர்.

இது வெறும் அச்சமன்று. 2001இல் 13 நாடுகளில் நடந்த ஆய்வில், நடுவயதில் வரும் வகை நீரிழிவு உள்ளோருக்கு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்குவது ரமளானில் மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்காக இருந்தது. ஆகவே மருத்துவரிடம் ரஜப் மாதத்திலேயே செல்லுங்கள். மாத்திரை, இன்சுலின் வேளையையும் அளவையும் அவரே மாற்றித் தர வேண்டும். நாமாக மாற்றுவதும் நிறுத்துவதும் கூடாது.

இனி உணவு. நோன்புக் கஞ்சியை நாம் குறை சொல்ல வரவில்லை, அதன் மணமில்லாத ரமளான் ஏது! ஆனால் குழைந்த பச்சரிசி சர்க்கரையை விரைந்து ஏற்றும். ஒரு சிறு கிண்ணம் போதும். அதில் அரிசியைக் குறைத்துப் பாசிப்பருப்பையும் வெந்தயத்தையும் கூட்டலாம். ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு திறந்தால் சுன்னத்தும் நிறைவேறும். சமோசா, வடை, ரோஸ் சர்பத் வேண்டாம், சுண்டல் இருக்கட்டும். ஸஹரைத் தவிர்ப்பவர் நோன்பே நோற்க வேண்டாம் என்போம். கடைசி நேரம் வரை பிற்படுத்தி, அளவான கைக்குத்தல் அரிசிச் சோறு, பருப்பு, கீரை, முட்டை என்று உண்ணலாம். வாழைப்பழமும் சீனியும் பிசைந்த பால்சோறு இவருக்கு ஆகாது.

விட்ட நோன்பைக் குளிர்காலத்தின் குறுகிய பகலில் களாச் செய்யலாம். ஒருபோதும் நோற்க இயலாது என்ற நிலையிலிருப்பவர், ஷாபிஈ மத்ஹபின்படி நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி ஏழைக்குக் கொடுக்க வேண்டும்; ஹனபிகளின் அளவு வேறு, உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.