சுண்டிப் பார்க்க முடியாத ரூபாய்

வெள்ளி ரூபாய் புழங்கிய காலத்துச் சந்தை வியாபாரி, எதிரே நிற்பவரின் வேட்டி வெளுப்பையும் பேச்சின் இனிமையையும் கண்டு மயங்கிவிடாமல், நீட்டிய ரூபாயை வாங்கிக் கல்லின்மேல் ஒரு முறை சுண்டிப் பார்ப்பார். ஓசை கணீரென்று எழுந்தால் மடியில் முடிந்துகொள்வார், மந்தமாக இருந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் திருப்பி நீட்டிவிடுவார். அந்த ஒரு கணத்திற்குள் மூன்று காரியங்கள் முடிந்துவிடும்: பணம் கொடுக்கப்பட்டதென்ற சேதி தெரிந்துவிடும், பணம் கைக்கு வந்துவிடும், இனி அது தம்முடையதே என்ற நிச்சயமும் பிறந்துவிடும். இம்மூன்றும் இன்று தனித்தனியே பிரிந்து, சில சமயம் நிமிஷக் கணக்கிலும் சில சமயம் மாதக் கணக்கிலும் ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போய்விட்டபோதிலும், கைப்பேசி எழுப்பும் 'டிங்' என்னும் ஓசையைப் பழைய கணீரொலியின் வாரிசாகவே நம் மனம் சுவீகரித்துக்கொண்டிருக்கிறது. இணையத்தில் பொருள் விற்பவர்களிடையே உலவும் தவறான நம்பிக்கைகளிற் பெரும்பாலானவை இந்த ஒரு மயக்கத்திலிருந்து கிளைத்தவையே என்பது என் அபிப்பிராயம்.

பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு வரும் ரயில் பாதையில், சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து பேசிக்கொள்ளும் குடுபல்லியில், மாம்பழக் காலத்தில் பழத்தையும் மற்றக் காலத்தில் புளியையும் கேழ்வரகு மாவையும் அட்டைப்பெட்டியில் அடைத்துச் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் பார்சல் அனுப்பும் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடை என்று ஒன்று இல்லை. திண்ணையே கடை, வாட்ஸ்அப்பே கல்லாப்பெட்டி. இந்தக் குடும்பத்தை உடன் வைத்துக்கொண்டே அந்த நம்பிக்கைகளைப் பரிசீலிக்கலாம்.

"ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டது, ஆகையால் பணம் வந்துவிட்டது" என்பது அவற்றுள் மிகப் பரவலானது. "போட்டுட்டேன் அண்ணா, பாருங்க" என்ற சொல்லோடு பச்சை நிறத்தில் சரிக்குறியிட்ட ஒரு படம் வந்து சேர்கிறது. அத்தகைய படத்தை, தொகையும் தேதியும் பரிவர்த்தனை எண்ணும் பிசகாமல், வினாடி நேரத்தில் உண்டாக்கித் தரும் போலிச் செயலிகள் உண்டு. வங்கியின் குறுஞ்செய்தியைப் போலவே வாசகம் எழுதி, ஒரு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்பும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. எண்ணூறு ரூபாய்க்குப் பதில் எட்டாயிரம் போட்டுவிட்டதாகவும், ஆஸ்பத்திரியில் தாயாரோடு இருப்பதாகவும், மீதியை உடனே திருப்பி அனுப்பும்படியும் அழாத குறையாகப் பேசும் குரல், இந்தப் போலிச் செய்தியை நம்பியே விற்பவருடைய சொந்தப் பணத்தைக் கொண்டுபோகிறது. தம்முடைய வங்கிக் கணக்கைத் தாமே திறந்து, இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே இதற்குப் பரிகாரம். அதற்கு அரை நிமிஷம் போதும். ஆனால் மோசக்காரன் நம்மிடமிருந்து முதலில் பறிப்பது அந்த அரை நிமிஷத்தைத்தான். மெய்யான படத்திலும் அபாயம் உண்டு. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோவில், கடைகளிலும் பெட்ரோல் நிலையத்திலும் ஒட்டியிருந்த கியூஆர் தாள்களின்மேல் இரவோடிரவாக வேறு தாள்களை ஒட்டிவிட்டுப் போனார்கள். வாங்கியவர் செலுத்தியதும் மெய், அவர் காட்டிய ரசீதும் மெய், போய்ச் சேர்ந்த கணக்குதான் வேறு.

"பணம் வாங்குவதற்கும் பின் நம்பர் போடவேண்டும்" என்பதை இவ்வளவு விஸ்தாரமாக மறுக்க வேண்டியதில்லை. 2016இல் யூபிஐ முறை தோன்றிய நாள்முதல் பின் எண் என்பது கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதற்கான சம்மதமே அன்றி, உள்ளே வருவதற்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. பழைய கட்டிலையும் சைக்கிளையும் விற்பதாக விளம்பரம் செய்தவர்களிடம், ராணுவத்தில் பணிபுரிகிறவன் என்று சொல்லிக்கொண்டு, சீருடைப் படத்தையும் கூடவே ஒரு கியூஆரையும் அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று ஏமாற்றிய கூட்டங்கள் அறியாமையை மட்டுமின்றி, சிப்பாயிடத்தில் நமக்குள்ள மரியாதையையும் மூலதனமாக்கிக்கொண்டன. தனிநபர் ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. ஒரு வாசல் அடைபட்டது உண்மை, கியூஆர் என்னும் வாசல் திறந்தேயிருக்கிறது. தாமே பின் எண்ணை இட்டு அனுப்பிவிட்டவர், அங்கீகாரமற்ற பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் பிறப்பித்த விதியின் நிழலில் எளிதாக ஒதுங்கிவிடவும் இயலாது.

இனி, படித்தவர்களிடமே அதிகமாகக் காணப்படும் ஒரு நம்பிக்கைக்கு வருகிறேன்: "அட்டை மூலம், ஓடிபி போட்டு வந்த பணம் இனித் திரும்பாது" என்பது. இணையத்தில் அட்டை எண்ணை மாத்திரம் கொடுத்துப் பொருள் வாங்குவதைத் தடுத்து, இரண்டாவது அடையாளச் சோதனையொன்றை 2009 ஆகஸ்டு 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியதால், திருட்டு அட்டையால் விளையும் நஷ்டம் நம் நாட்டு வியாபாரிகளை அவ்வளவாகத் தாக்குவதில்லை; அச்சோதனை முறைப்படி நடந்திருந்தால் "இதை வாங்கியவன் நான் அல்லன்" என்னும் ஆக்ஷேபத்தின் பாரம், பொதுவாக அட்டை வழங்கிய வங்கியின் தலையில் விழுகிறது. ஆனால் ஆக்ஷேபங்கள் அந்த ஒரு வகையோடு நிற்பவை அல்ல. "பொருள் வந்து சேரவில்லை" என்றும், "வந்தது, ஆனால் படத்திற் கண்டதுபோல் இல்லை" என்றும் வாங்கியவர் தம் வங்கியிடம் முறையிடலாம். அங்கே ஓடிபி எவ்விதக் கவசமும் ஆகாது, ஏனெனில் வாங்கியதை அவர் மறுக்கவேயில்லை. அந்த முறையீட்டை எழுப்புவதற்கு அட்டை நிறுவனங்கள் பெரும்பாலும் 120 நாள்வரை அவகாசம் தருகின்றன. சார்ஜ்பேக் என்று வழங்கப்படும் இந்த ஏற்பாடு, 1974இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட நியாயக் கடன் பட்டியல் சட்டத்தில் வேர் கொண்டது. வாங்குபவனை வங்கியும் வியாபாரியும் சேர்ந்து நசுக்கிவிடக் கூடாதென்ற நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

ஸ்ரீகாளஹஸ்தியை எண்ணிப் பாருங்கள். அந்த ஊரின் கலம்காரிக்காரர், கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்த துணியின்மேல், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு மையை மூங்கில் எழுதுகோலில் எடுத்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய சேலையொன்றை அமெரிக்காவிலிருக்கும் ஒருவருக்கு அனுப்புகிறார். வெளிநாட்டு அட்டைக்கு நம் ஊர் ஓடிபி நியதி இல்லாமற் போகலாம் என்பது ஒரு சங்கடம். அதனினும் பெரிய சங்கடம் நிறம்: செடியிலும் வேரிலும் எடுத்த சாயம் ஒவ்வொரு துணியிலும் ஒவ்வொரு விதமாகத் தங்கும், கைப்பேசித் திரையோ எல்லாவற்றையும் ஒரே பளபளப்பாகக் காட்டும். "படத்தில் இருந்த சிவப்பு இதில் இல்லை" என்று ஒரு முறையீடு கிளம்பினால், விசாரணை முடியும்வரை அத்தொகை வியாபாரிக்கு வரவேண்டிய அடுத்த பட்டுவாடாவிலிருந்து பிடித்துக்கொள்ளப்படுகிறது, பல இடங்களில் ஒரு கட்டணமும் சேர்த்து.

இங்கேதான் "சார்ஜ்பேக் வந்துவிட்டால் விற்றவன் தோற்றான்" என்ற விரக்தி குறுக்கிடுகிறது. இது முந்தைய நம்பிக்கைக்கு நேர் எதிரானதாயினும் அதைப் போலவே பிழையானது. முறையீடு என்பது தீர்ப்பன்று, சம்மன். வாங்கியவரின் வங்கி, அட்டை நிறுவனம், விற்பவருடைய பணத்தைப் பெற்றுத்தரும் நிறுவனம் என்று படிப்படியாக இறங்கிவரும் அதற்குச் சில நாள் கெடுவுக்குள் பிரதிவாதம் சமர்ப்பிக்கலாம்: பில், கூரியர் ரசீது, சேர்ப்பித்ததற்கான கையொப்பமோ ஓடிபியோ, வாங்கியவருடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சு, இயற்கைச் சாயத்தில் நிறம் வேறுபடும் என்று முன்கூட்டியே எழுதிய அறிவிப்பு. தோற்பவர்களிற் பலர் நியாயம் இல்லாததால் தோற்கவில்லை. மின்னஞ்சலை வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிற வழக்கத்தால் கெடுவைத் தவறவிட்டுத் தோற்கிறார்கள். யூபிஐயிலும் முறையீடு உண்டு என்பதையும், ஒரே வாடிக்கையாளர் 30 நாளில் 10 முறைக்கு மேலும், ஒரே கணக்கின்மீது 5 முறைக்கு மேலும் அதைக் கிளப்ப முடியாதபடி வரம்பு விதித்திருக்கிறார்கள் என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இத்தனை தொல்லை எதற்கு, "கேஷ் ஆன் டெலிவரிதான் பத்திரம்" என்பார் உண்டு. விலையை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுக்கும் வி.பி.பி. முறையை இந்தியத் தபால் இலாகா 1877இல் தொடங்கிய காலந்தொட்டு இந்த நம்பிக்கை நம்மோடு வருகிறது. புத்தகம் பதிப்பித்த எத்தனையோ பேர், ஆசையோடு கேட்டெழுதியவர் தபால்காரர் வாசலுக்கு வந்ததும் வாங்க மறுத்துவிட, இரு வழித் தபால் செலவையும் தாங்களே சுமந்த கதையை அறிவார்கள். கூரியரும் அவ்வாறே, குடுபல்லியிலிருந்து புறப்பட்ட மாம்பழப் பெட்டி மறுக்கப்பட்டுத் திரும்பி வருமாயின், வருவது பழமல்ல, வாசனை மட்டுமே. திருப்பி அனுப்பும் வசதியைத் தொழிலாகவே நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்: விலையுயர்ந்த கைப்பேசிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தருவித்து, பெட்டி காலியாக இருந்தது என்று சாதித்து, 166 கைப்பேசிகளுக்குப் பணத்தைத் திரும்ப வாங்கிய ஓர் இளைஞரை 2017இல் டெல்லிக் காவல்துறை கைதுசெய்தது, தொகை சுமார் 50 லட்சம் ரூபாய் என்றார்கள். பொருளை எடைபோட்டு, பெட்டியில் வைத்து ஒட்டுவதை ஒரே தொடர்ச்சியாகக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். தகராறு வரும் நாளில் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பார்சல் சேர்ந்ததற்கும் சாட்சி வேண்டுமென்றால், 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்டிலும் ஓடிபி கேட்டுச் சேர்ப்பிக்கும் வசதி வந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. "நான் யாரையும் ஏமாற்றவில்லை, என் கணக்கை யார் தொடமுடியும்?" என்னும் நிரபராதியின் நம்பிக்கை. 2023இல் கேரளத்தில் சிறு வியாபாரிகள் பலருடைய கணக்குகள், என்றோ யாரிடமிருந்தோ யூபிஐயில் வந்த சில நூறு ரூபாய்க்காக, வேறு மாநிலத்துக் காவல்துறையின் கோரிக்கையின்பேரில் முடக்கப்பட்டபோது, இந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது பிரத்தியட்சமாயிற்று. பணத்தை இழந்தவர் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொன்னவுடன், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போயிற்றென்று தொடர்ந்து சென்று நிறுத்திவைப்பது அந்த ஏற்பாட்டின் தர்மம். திருடன் அப்பணத்தைக் கொண்டு உங்களிடம் புளி வாங்கியிருந்தால், வரிசையில் நீங்களும் ஒரு கண்ணி. இதிலும் கெட்டிக்காரத்தனமான ஓர் உபாயம் உண்டு: உங்களிடம் பொருள் கேட்பவன், நீங்கள் அனுப்பிய கியூஆரை, வேறு ஏதோ ஆசைகாட்டி வலையில் வீழ்த்திய மூன்றாம் மனிதர் ஒருவருக்குத் தள்ளிவிடுகிறான், அவர் பணம் போடுகிறார், உங்கள் கணக்கில் மெய்யாகவே ஏறுகிறது, இருப்பைப் பார்த்துத் திருப்தியடைந்து பொருளை அனுப்பிவிடுகிறீர்கள். சேதியும் சரி, பணமும் சரி; நிலைப்பதுதான் சரியில்லை. ஆர்டர் கொடுத்தவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் வேறாயிருந்தால் ஒரு போன் செய்து கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை.

முடக்கம் என்பதும் முழுக் கணக்கையும் காலவரையின்றிப் பூட்டிவைப்பது என்றாகிவிடக் கூடாது. தகராறுக்குள்ளான தொகையோடு வங்கிகள் நிற்கவேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2023இலும், எவ்வளவு தொகை என்று கணக்கிடாமல் ஒருவருடைய கணக்கு முழுவதையும் முடக்கிவைப்பது தகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024இலும் சொல்லியிருக்கின்றன. ஆகையால் வங்கிக்குப் போகிறவர், மேலாளரிடம் சண்டை பிடிப்பதைவிட, எந்த மாநிலத்துக் காவல்துறை, புகாரின் எண் என்ன, எவ்வளவு தொகை என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குவது காரிய சாத்தியமானது. கையோடு பில்லையும் பார்சல் சீட்டையும் கொண்டுபோக வேண்டும். திருடன் தன் பெயரையும் எண்ணையும் குரலையும் மாற்றிக்கொண்டிருப்பான். ஆனால் புளி மூட்டை எங்கேயாவது ஒரு வாசலில் இறங்கியாக வேண்டுமல்லவா? அந்த வாசலின் விலாசம், விசாரிக்கும் அதிகாரியின் கோப்பில் இராது. குடுபல்லியின் திண்ணையில், கம்பியில் குத்திவைத்த கூரியர் சீட்டில் இருக்கும்.