விமானத்தின் உடம்பு ஒரு தக்களி

கேள்வி: சாயங்காலம் தென்பெண்ணைக் கரையில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்தால், வீட்டுக்கதை பாதி, விமானக்கதை பாதி. தலைக்கு மேல் ஒன்று போனால் போதும், செல்போனை எடுத்து அது எங்கே போகிறது, என்ன ரகம் என்று பார்த்துவிடுவோம். ஃபியூஸலாஜ், ஐலரான், நசெல், ஹேங்கர் என்று சொல்கிறோமே, இதெல்லாம் எந்த ஊர்ச் சொற்கள்? விமானத்தைச் செய்தது அமெரிக்கர்கள்தானே? – விமானப் பித்துப் பிடித்த நண்பர்கள், குருவிநத்தம், புதுச்சேரி.

பதில்: கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேட்டிருக்கிறீர்கள். நான்கும் பிரெஞ்சுச் சொற்கள். 'பாகூர் கொம்யூன்' என்று நீங்கள் நாள்தோறும் சொல்லும் அந்த 'கொம்யூன்' வந்த அதே மொழி.

ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பர் 17. ஆனால் அதற்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே, 1783 நவம்பர் 21 அன்று, பாரிஸில் இரண்டு பேர் வெப்பக்காற்று பலூனில் ஏறிப் பறந்துவிட்டார்கள். அந்த பலூனைச் செய்த மோன்கோல்ஃபியே சகோதரர்கள் காகித ஆலைக் குடும்பத்துப் பிள்ளைகள். 'ஏவியேஷன்' என்ற சொல்லையே 1863இல் உருவாக்கியவர் லா லாந்தெல் என்ற பிரெஞ்சுக்காரர். 1909இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய புளேரியோவும் அந்த நாட்டவரே. பறக்க முயன்றவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். உறுப்புகளுக்குப் பெயரும் அங்கேயே விழுந்தது.

பெயர் வைத்தவர்கள் வீட்டிலும் தோட்டத்திலும் கண்ணில் பட்டதைத்தான் எடுத்திருக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஃபியூஸலாஜ். 'ஃபியூஸோ' என்றால் நூல் நூற்கும் கதிர். நூல் சுற்றிய தக்களியைக் கையில் பிடித்துப் பாருங்கள். நடுவில் பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கியிருக்கும். விமானத்தின் உடம்பும் அப்படித்தானே? ஹேங்கர் என்பது வண்டியும் ஏரும் கலப்பையும் போட்டு வைக்கும் கொட்டகை. நசெல் என்றால் சின்னப் படகு. முதலில் பலூனில் ஆள் நிற்கும் கூடையை அப்படி அழைத்தார்கள். இப்போது இன்ஜினை மூடியிருக்கும் கூடு அந்தப் பெயரை வைத்துக்கொண்டது.

ஐலரான் என்றால் குட்டிச் சிறகு. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இறக்கையின் பின்விளிம்பில், நுனிக்குப் பக்கத்தில் பாருங்கள். விமானம் இடப்பக்கம் சாயும்போது இடது இறக்கையில் அந்தப் பலகை மேலே எழும், வலது இறக்கையில் கீழே இறங்கும். ஒரு பக்கம் தூக்குவிசை குறைந்து மறுபக்கம் கூடுவதால்தான் சாய்கிறது. ரைட் சகோதரர்கள் இதற்கு இறக்கையையே முறுக்கினார்கள். தனிப் பலகையை 1904இல் தம் கிளைடரில் பொருத்திப் பார்த்தவர் எஸ்னோ பெல்தெரி என்ற பிரெஞ்சுக்காரர்.

வானிலைக் குறியீட்டிலும் பிரெஞ்சு இருக்கிறது. போகி விடியலில் சென்னையில் புகை சூழ்ந்து விமானங்கள் தாமதமாவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். விமானிகளுக்குப் போகும் வானிலைக் குறிப்பில் புகைக்கு 'எஃப்.யூ.' என்று இரண்டே எழுத்து போடுவார்கள். அது 'ஃபுமே', பிரெஞ்சில் புகை. லேசான பனிமூட்டத்துக்கு 'பி.ஆர்.', அதாவது 'ப்ரும்'. உலகம் முழுக்க இதே எழுத்துகள்தான்.

இலாசுப்பேட்டை விமான நிலையத்தில் வந்திறங்கும் ஏ.டி.ஆர். விமானம் பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து செய்வது. அதன் பிரெஞ்சுப் பெயரில் முதல் சொல் 'அவியோன்'. கிளெமான் அதேர் என்ற பொறியாளர் தம் பறக்கும் பொறிக்கு வைத்த பெயர் அது. பறவை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தார். குருவிநத்தத்துக்காரர்களுக்கு அந்தச் சொல் உறவுமுறைதான்.

கேள்வி: ஆபத்தில் விமானி 'மேடே' என்று ஏன் சொல்கிறார்? மே தினத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: கிடையாது. 1923 வாக்கில் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்தவர் ஃபிரெடரிக் மாக்ஃபோர்ட். ஆபத்து என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரிகிற ஒரு சொல் வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். கப்பல்களின் 'எஸ்.ஓ.எஸ்.' தந்திக்குச் சரி. இரைச்சலான வானொலியில் 'எஸ்' என்ற ஒலி தெளிவாகக் கேட்காது. அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிஸுக்குத்தான் போய்வந்தன. 'எனக்கு உதவுங்கள்' என்பதற்கு பிரெஞ்சில் 'மெதே'. அதையே ஆங்கில நாக்குக்கு ஏற்றபடி 'மேடே' என்று கொடுத்தார். 1927இல் சர்வதேச ஏற்பும் கிடைத்தது. தவறாகக் காதில் விழாமல் இருக்க மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது விதி.

கேள்வி: கோயில் கருவறை மேலே இருப்பதும் விமானம், வானத்தில் பறப்பதும் விமானமா?

பதில்: வடமொழியில் 'மா' என்ற வேர் அளத்தலைக் குறிக்கும். அளந்து கட்டியது விமானம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஸ்ரீவிமானம்' என்றே வருகிறது. தேவர்கள் ஏறிச் செல்லும் வான ஊர்திக்கும் அந்தப் பெயர் பழைய கதைகளில் உண்டு. ஏரோப்ளேன் வந்தபோது தமிழ் புதுச்சொல் தேடி அலையவில்லை, வீட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது. ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தியைப் புறநானூறு பேசுகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் அரசி விசயைக்காக மயில் வடிவில் ஒரு பொறி செய்ய வைக்கிறான். நாடு பறிபோகும் இரவில் நிறைசூலியான அவள் அதில் ஏறித் தப்புகிறாள். மயில் சுடுகாட்டில் இறங்க, அங்கேதான் சீவகன் பிறக்கிறான். இந்த மயில் கற்பனைதான், நிஜ விமானத்துக்குச் சாட்சி என்று வாதாட வேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு புலவர் அப்படி நினைத்துப் பார்த்தாரே, அதுவே எனக்குப் பெரிது.

குருவிநத்தம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா' தாத்தாக்கள் உங்கள் பக்கம் இருந்தால், ஒரு மாலை அவர்களையும் கரைக்கு அழைத்து உட்கார வையுங்கள். விமானத்தைப் பற்றி அவர்கள் வாயில் வரும் சொற்களை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.