திரையில் கூடும் செபமும் சட்டத்தின் காவலும்



எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஒரு தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணி. தகப்பனும் பிள்ளைகளும் கைத்தொலைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்துச் செபமாலை சொல்லுகிறார்கள். வெளிநாட்டில் பணிப்பெண்ணாக உழைக்கும் தாய், அந்தச் சிறு திரையில் அவர்களோடு சேர்ந்து செபிக்கிறாள். அயல் லயத்துக் குடும்பங்களும் இணைந்திருக்கின்றன. திடீரென முன்பின் அறியாத ஒருவன் உள்ளே புகுந்து கூச்சலிடுகிறான். ஆபாசப் படம் காட்டுகிறான். செபம் நின்றுவிடுகிறது. இதை விளையாட்டு என்று சொல்லலாமா?

இத்தகைய கொடுமை உண்மையில் நடந்திருக்கிறது. 2020 மே 6ஆம் திகதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள புனித பவுலுஸ் லூத்தரன் ஆலயத்தார் சூம் வழியாக விவிலிய வகுப்பு நடத்தினர். கலந்துகொண்டோரில் பலர் முதியோர். அந்நியன் ஒருவன் புகுந்து அருவருப்பான படங்களைத் திரையிலே திணித்தான். அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர்ப் பாடசாலை வகுப்பொன்றிலும் இவ்வாறே நடந்தது. கல்வி அமைச்சு ஆசிரியர்களின் சூம் பாவனையைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. இப்படிப் புகுவோர் மீது குற்ற வழக்குத் தொடரப்படும் என்று அமெரிக்காவின் மிச்சிகனில் அரச வழக்கறிஞர்கள் அம்மாதமே எச்சரித்தார்கள்.

நமது நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது?

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 291ஆம் பிரிவின்படி, சட்டப்படி வழிபாட்டில் ஈடுபட்டிருக்கும் கூட்டத்தை வேண்டுமென்றே குழப்புகிறவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். இப்பிரிவு காப்பது கட்டடத்தை அல்ல, கூட்டத்தை என்பதைக் கவனியுங்கள். திரையில் கூடிய கூட்டத்திற்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், தனக்கு அதிகாரமில்லை என்று அறிந்தே கணினியொன்றினுள் நுழைய முயல்வோருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. நம்பி ஒப்படைத்த கடவுச்சொல்லை அனுமதியின்றிப் பிறருக்குக் கொடுப்பதும் அச்சட்டத்தில் குற்றமே.

"சின்னப் பையன்தானே" என்று பெற்றோர் சொல்லக்கூடும். 2018ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளையின் அறிவு முதிர்ச்சி கருத்திற்கொள்ளப்படும். பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தச் சலுகை இல்லை. வாட்சப் குழுவில் வேடிக்கைக்காகக் கடவுச்சொல்லை அனுப்பிய மகன் பொலிஸ் நிலையத்தில் நிற்க நேர்ந்தால், ஒரு நாள் கொழுந்துச் சம்பளத்தையும் இழந்து பின்னால் நடப்பது பெற்றோரே.

ஆகவே குடும்பத்தில் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுங்கள். வகுப்பின் அல்லது செபக்கூட்டத்தின் கடவுச்சொல்லை வீட்டுத் திறப்பைப் போல் காத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை நடத்துபவர், வருகிறவரைக் காத்திருப்பு அறையில் நிறுத்தி, பெயர் கேட்டே உள்ளே விடட்டும். எவராவது குழப்பினால் உடனே அவரை வெளியேற்றி, திகதியையும் நேரத்தையும் தெரிந்த பெயரையும் எழுதிவைத்துப் பொலிசில் முறையிடுங்கள். சிறுவர் பாதிக்கப்பட்டிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை அழையுங்கள். பிள்ளை காணக்கூடாததைக் கண்டுவிட்டால் அதட்டாதீர்கள். அருகில் இருத்திப் பேசுங்கள்.

நல்லாயனைப் பற்றிப் பேசியபோது ஆண்டவர் ஆட்டுத்தொழுவத்தின் வாசலையும் நினைவூட்டினார். உரிமையோடு வருகிறவன் வாசலால் வருகிறான். சட்டத்திற்கு அஞ்சி மட்டும் நம் பிள்ளைகள் ஒழுங்காக இருந்தால் போதாது. பிறருடைய செபத்தையும் படிப்பையும் மதிப்பது அயலாரன்பின் கடமை என்று அவர்கள் உணரவேண்டும். தவறிய பிள்ளையும் மனம் வருந்தி, தான் குழப்பிய குடும்பத்திடம் சென்று மன்னிப்புக் கேட்கட்டும்.

குடும்பமாகச் சிந்திக்க: நமது வீட்டுத் தொலைபேசியிலுள்ள கடவுச்சொற்கள் யார் யார் கையில் இருக்கின்றன?