வராமலே போன பவர்புக் ஜி5

"இப்பவே லேப்டாப் வாங்கிடலாமா சார், இல்ல புது சிப் வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?" கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைக்காக அப்பாக்கள் கேட்கிறார்கள். வீடியோ எடிட்டிங் செய்யும் இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்பவர் அநேகமாக எங்கோ ஒரு வதந்தியைப் படித்துவிட்டு வந்திருப்பார்: அடுத்த மாதம் இன்னும் வேகமான மாடல் வருகிறதாம். இவர்களுக்கு நான் சொல்வது ஒரு பழைய கதை. 2003 முதல் 2006 வரை ஆப்பிள் நிறுவனத்தின் லேப்டாப்பைச் சுற்றி நடந்தது. இந்தத் துறையில் நிலவும் தவறான நம்பிக்கைகள் அத்தனையும் அந்த மூன்றாண்டுக்குள் வந்துபோயின.

நம்பிக்கை: மேசைக் கணினிக்கு வந்த சிப், கொஞ்ச நாளில் லேப்டாப்புக்கும் வந்துவிடும்.

2003 ஜூன் 23 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் பவர் மேக் ஜி5 மேசைக் கணினியை அறிமுகப்படுத்தினார். உள்ளே இருந்தது ஐபிஎம் தயாரித்த பவர்பிசி 970 சிப். உச்ச மாடலில் 2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு சிப்கள். அதே நிறுவனத்தின் லேப்டாப்பான பவர்புக்கிலோ அப்போது இருந்தது முந்தைய தலைமுறை ஜி4. எனவே அடுத்து பவர்புக் ஜி5தான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். அந்நாளில் ஆப்பிள் புதுப் பொருள்களைப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் அறிவித்துவந்தது. அதனால் 'அடுத்த செவ்வாய் பவர்புக் ஜி5' என்பது ரசிகர்களிடையே வாரந்தோறும் திரும்பி வரும் வாசகமாகிவிட்டது. 2004 ஆகஸ்டில் ஆப்பிளின் இன்னொரு மேசைக் கணினியான ஐமேக்கிலும் ஜி5 வந்தது. சுமார் இரண்டு அங்குலப் பருமனுள்ள பெட்டிக்குள் அடங்கிய சிப், ஒரு அங்குல லேப்டாப்புக்குள் அடங்க எவ்வளவு நாளாகிவிடும்?

அடங்கவே இல்லை. காரணம் சிப்பின் அளவு அல்ல, அதன் சூடு.

சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல நூறு கோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்சாரம் செலவாகி வெப்பமாக மாறுகிறது. வேகத்தைக் கூட்டினால் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும். ஆனால் வேகத்தை மட்டும் தனியாகக் கூட்ட முடியாது. சிப் தடுமாறாமல் ஓட மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டியிருக்கும். செலவாகும் மின்சாரமோ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகத்தைப் பத்து சதவீதமும் மின்னழுத்தத்தைப் பத்து சதவீதமும் உயர்த்தினால் வெப்பம் 33 சதவீதம் கூடுகிறது. இரண்டையும் இருபது சதவீதம் குறைத்தால் வெப்பம் ஏறக்குறைய பாதியாகிறது. லேப்டாப் சிப்கள் ஏன் மெதுவாக ஓடுகின்றன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

பவர் மேக் ஜி5க்குள் ஒன்பது மின்விசிறிகள் இருந்தன. சுமார் இருபது கிலோ எடையுள்ள அலுமினியக் கோபுரம் அது, தரையில் நிற்பது, சுவரிலிருந்து மின்சாரம் எடுப்பது. ஐமேக்கும் சுவரைச் சார்ந்ததுதான். பவர்புக்கின் பேட்டரியில் இருந்ததோ சுமார் 50 வாட்-மணி மின்சாரம். மொத்த இயந்திரமும் 50 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் திரை இருண்டுவிடும். அந்த வெப்பமெல்லாம் வெளியேற வழி மெல்லிய அலுமினிய உடல்தான், அதற்கடியில் இருப்பது நம் தொடை. மடிக்கணினி என்று நம் மொழியில் பெயர் வைத்தவர் வடிவமைப்பின் முதல் நிபந்தனையையே பெயராக வைத்துவிட்டார். ஜி5 சிப்புக்கும் நினைவகத்துக்கும் நடுவே தரவு ஓடும் பாதையும் சேர்ந்து சூடேறியது. பவர் மேக்கில் அந்தப் பாதை சிப்பின் வேகத்தில் சரிபாதியில், அதாவது 2 கிகாஹெர்ட்ஸ் மாடலில் 1 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. கடைசிப் பவர்புக் ஜி4இல் அது வெறும் 167 மெகாஹெர்ட்ஸ். சிப்பை மட்டும் கழற்றி மாட்டுகிற வேலையாக அது ஒருநாளும் இருக்கவில்லை.

நம்பிக்கை: தலைவரே மேடையில் சொல்லிவிட்டால் அது நடந்தே தீரும்.

அதே 2003 மேடையில் ஜாப்ஸ் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: பன்னிரண்டு மாதத்தில் 3 கிகாஹெர்ட்ஸ். ஓராண்டு கழித்து வந்தது 2.5, அதுவும் திரவக் குளிர்விப்போடு. 2005 ஏப்ரலில் 2.7. பவர் மேக் ஜி5 அந்த மூன்றைத் தொடவே இல்லை. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. 130 நானோமீட்டரிலிருந்து 90 நானோமீட்டர் உற்பத்திக்கு மாறும்போது சிப் சிறுக்கும், குளிரும், வேகமெடுக்கும் என்றுதான் துறையே எதிர்பார்த்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்திருந்தது. அந்தத் தடவை டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசிந்தது. எதிர்முகாமில் இன்டெல்லும் அதே சுவரில் முட்டி, 2004 அக்டோபரில் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. உலகின் மிகச் சிறந்த பொறியாளர்களே தேதி சொல்ல முடியாமல் திணறிய நேரத்தில், வதந்திகள் மட்டும் தேதி சொல்லிக்கொண்டிருந்தன. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பழைய இயந்திரத்தோடு மல்லுக்கட்டியபடி, படிப்பையும் தொழிலையும் தள்ளிவைத்துக் காத்திருந்தவர்கள் அந்தத் தேதிகளை நம்பித்தான் காத்திருந்தார்கள்.

நம்பிக்கை: கிகாஹெர்ட்ஸ் கூடினால்தான் வேகம் கூடும்.

இது தவறு என்பதை ஆப்பிளே 2001இல் மேடை போட்டு விளக்கியிருக்கிறது. 867 மெகாஹெர்ட்ஸ் ஜி4, 1.7 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ ஃபோட்டோஷாப் வேலையில் முந்துவதைக் காட்டினார்கள். போட்டியைத் தங்களுக்குச் சாதகமான களத்தில்தான் வைத்தார்கள், ஆனாலும் அடிப்படை வாதம் சரி. ஒரு கட்டளையை ஜி4 ஏழு படிகளில் முடித்தது. பென்டியம் 4 அதை இருபது படிகளாக உடைத்துக்கொண்டது. படி சிறியதாக இருந்தால் காலை வேகமாக எடுத்துவைக்கலாம். அதனால் மாடிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பதில்லை.

இதைவிடத் தெளிவான சான்று 2006 ஜனவரி 10 அன்று வந்தது. கடைசிப் பவர்புக் ஜி4இன் வேகம் 1.67 கிகாஹெர்ட்ஸ். அதன் இடத்தைப் பிடித்த முதல் மேக்புக் ப்ரோவை ஆப்பிள் அறிவித்தபோது அடிப்படை மாடலின் வேகம் என்ன தெரியுமா? அதே 1.67. ஆனால் உள்ளே இன்டெல்லின் கோர் டூயோ: ஒரே சிப்பில் இரண்டு கோர்கள், அதாவது தனித்தனியே கணக்குப் போடும் இரண்டு மூளைகள்; 667 மெகாஹெர்ட்ஸ் தரவுப்பாதை. பழையதைவிட நான்கு மடங்குவரை வேகம் என்றது ஆப்பிள். விளம்பரக் கணக்கு என்று அதில் பாதியைக் கழித்தாலும் பாய்ச்சல் பெரியது. மேலே சொன்ன வெப்பக் கணக்கு இங்கேதான் நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இருபது சதவீதம் குறைத்தால் பாதி வெப்பம் மிச்சம். அந்த மிச்சத்தில் இன்னொரு கோரையே ஓட்டலாம். (விற்பனைக்கு வரும் முன் ஆப்பிள் விலையைக் கூட்டாமல் வேகத்தை 1.83 ஆகவும் 2.0 ஆகவும் உயர்த்தியது. வதந்திகள் காதில் போடாத நல்ல செய்தியும் சில சமயம் வரும்.)

நம்பிக்கை: இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் பவர்புக் ஜி5 வந்திருக்கும்.

இதை இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு ஆதாரமும் இருக்கிறது. 2005 ஜூன் 6 அன்று ஜாப்ஸ் இன்டெல்லுக்கு மாறப்போவதாக அறிவித்தார். 3 கிகாஹெர்ட்ஸும் வரவில்லை, பவர்புக் ஜி5உம் வரவில்லை என்று அந்த மேடையிலேயே ஒப்புக்கொண்டார். ஒரு வாட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வேலைத்திறனைப் பவர்பிசிக்கு 15 அலகு, இன்டெல்லுக்கு 70 அலகு என்று எதிர்காலக் கணிப்பாக வைத்தார். சரியாக ஒரு மாதத்தில், ஜூலையில், ஐபிஎம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 970எஃப்எக்ஸ் சிப்பை அறிவித்தது: 1.4 கிகாஹெர்ட்ஸில் 13 வாட், 1.6இல் 16 வாட். "பார்த்தீர்களா!" என்றார்கள்.

அந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த 16 வாட் வழக்கமான வேலையின்போது ஆகும் செலவு, உச்சச் செலவு அல்ல. கடையில் ஏற்கெனவே 1.67 ஜி4 இருந்தது. அதன் பக்கத்தில் 1.6 ஜி5ஐ வைத்தால் வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு கோர்தான். இன்டெல்லின் பாதை வேறு. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த அதன் குழு, பென்டியம் 4ஐச் சுருக்க முயலாமல், லேப்டாப்புக்கென்றே பென்டியம் எம் சிப்பை வடிவமைத்து 2003 மார்ச்சில் வெளியிட்டது. கோர் டூயோ அந்த வம்சத்தில் வந்ததுதான். லேப்டாப்புக்கு வேகத்தைக் கொண்டுவந்தது மேசையிலிருந்து இறங்கிவந்த சிப் அல்ல, மடிக்கென்றே பிறந்த சிப்.

சரி, காத்திருப்பது எப்போதுமே வீணா? இல்லை. 2006 ஜூலை இறுதியில் இன்டெல் கோர் 2 டூயோவை அறிவித்தது. அக்டோபர் 24 அன்று அது மேக்புக் ப்ரோவில் வந்தது, நவம்பர் 8 அன்று மேக்புக்கில். அங்கே காத்திருக்க நியாயம் இருந்தது. சிப் தயாரித்தவரே பெயரோடு அறிவித்துவிட்டார், முந்தையது இருந்த இடத்திலேயே பொருந்தும் என்பதும் தெரிந்தது. பலனும் பெரியது. கோர் டூயோ 32 பிட், கோர் 2 டூயோ 64 பிட். 2011இல் வந்த ஆப்பிளின் லயன் இயங்குதளம் முன்னதை ஏற்கவே இல்லை. ஆகவே வதந்தியோடு யாராவது வந்தால் நான் கேட்பது இரண்டே கேள்வி. சிப் தயாரிப்பாளர் அதை அறிவித்துவிட்டாரா? அது எத்தனை வாட்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், தேவை இருக்கிறவர் இன்றே வாங்கட்டும் என்பேன்.

பவர்புக் ஜி5 கனவோடு சேர்த்துப் பேசப்பட்ட இன்னொரு பெயர் பி.ஏ. செமி. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பவர்பிசி சிப்பை வடிவமைத்துக்கொண்டிருந்த சிறிய நிறுவனம். அதன் சிப் எந்த மேக்கிலும் வரவில்லை. 2008இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தையே வாங்கி, அதன் பொறியாளர்களைக் கொண்டு தன் சொந்த சிப் பிரிவுக்கு அடித்தளம் போட்டது. அந்தப் பிரிவு முதலில் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் சிப் செய்து பழகியது. 2020 நவம்பரில் எம்1 சிப்பைக் கொண்டுவந்தது. அந்தச் சிப்போடு வந்த மேக்புக் ஏரைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மின்விசிறிகூடக் கிடையாது.