தேசவழமையும் நீதிமன்ற வாயிலும்

நமது நாட்டிலே குடும்ப உறவுகளை ஒரே சட்டம் ஆள்வதில்லை. உரோமன் டச்சுச் சட்டத்தை அடியாகக் கொண்ட பொதுச் சட்டத்துடன், கண்டிச் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை என்பனவும் தத்தம் மக்களிடையே வழங்குகின்றன. பல இனத்தார் வாழும் நாட்டில் அவரவர் வழக்காற்றை மதித்தல் பெருந்தன்மையேயாம். ஆயினும், அவ்வழக்காற்றுள் வாழும் எளியோருக்கு நீதிமன்ற வாயில் திறந்திருக்கின்றதா என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும். நமக்கு அணித்தாகிய தேசவழமையைக் கொண்டே இதனை நோக்குவோம்.

ஒல்லாந்தர் ஆட்சியில், தேசாதிபதி சைமன்ஸ் பணித்தவாறு, யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் நிறைவேற்றினார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதற்குச் சட்டவலு அளித்தனர். ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்து, சீதனத்தைப் பெண்ணின் தனியுடைமையாகக் காத்தமை அதன் சிறப்பு.

உடைமை அவளுடையதே, எனினும் அதனைக் கையாளும் உரிமையோ முழுமையானதன்று. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மணமான பெண் தன் நகையை விற்கலாம். மரணசாசனத்தால் தன் காணியை விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். ஆனால், உயிரோடிருக்கையில் அக்காணியை விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடையாக்கவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களுக்கு 1923ஆம் ஆண்டிலேயே இத்தகைய தடை நீங்கிற்று. ஆகலின் மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு இத்தடை இல்லை. ஆயின், அவள் தேசவழமைக்குட்பட்டவரை மணந்தால், அம்மணம் நிலைக்குங்காறும் தானும் அதற்குட்படுகின்றாள்.

இதற்குப் பரிகாரமும் அக்கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. கணவன் கைவிட்டுச் சென்றாலும், சித்தசுவாதீனம் இழந்தாலும், அவன் இருக்குமிடம் தெரியாதொழிந்தாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அச்சம்மதத்துக்கு ஈடாக நீதிமன்றின் அனுமதியைப் பெறலாம்.

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்பின் இவ்வழியின் அருமை பெரிதாயிற்று. கணவன் எங்கேயென்று அறியாத பெண் தன் பிள்ளையின் படிப்புக்காகச் சீதனக் காணியை ஈடுவைக்க எண்ணினால், யார் கையொப்பமிடுவார்? போரிற் காணாமற்போனோரை இறந்தோராகப் பதிவதற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழிசெய்தது. ஆனால், நாள்தோறும் வாயிலை நோக்கிக் காத்திருப்பவள் தன் கையாலேயே இறப்புப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தல் எளிதோ? மாவட்ட நீதிமன்றில் அவள் கணவன் இறந்தான் எனக் கூறவேண்டியதில்லை; இருக்குமிடம் தெரியவில்லை என நிறுவினாற் போதும். அவள் நம்பிக்கையும் அழியாது, பிள்ளையின் படிப்பும் தடைப்படாது.

இவ்வழியை அறியாதோருக்கு அது இல்லாத வழியே. அறிந்தோருக்கும் செலவும் தூரமும் அலைச்சலும் தடையாகின்றன. வறியோருக்கு உதவவே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்தது. கணவனின் கையொப்பம் இல்லையென உறுதி முடிக்க மறுக்கும் நொத்தாரிசு, நீதிமன்ற வழியையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் அதுவே பேருதவியாகும்.

6ஆம் பிரிவு திருத்தப்படல் வேண்டும் என்பதே நமது கருத்து. சீதனம் பெண்ணுக்குரியது என்று விதித்த முன்னோரின் கருத்தை அத்திருத்தம் நிறைவேற்றுமேயன்றி அழிக்காது. அதுவரையில், சட்டங் கற்ற பழைய மாணவர் தம் ஊர்ப் பெண்களுக்கு இவ்வழியை எடுத்துரைப்பாராக. இனிக் கற்கப்போகும் மாணவர் தேசவழமையைப் பெருமைக்காக மட்டுமன்றி, அதன்கீழ் வாழ்வோரின் நலத்துக்காகவும் கற்பாராக.