கூழாங்கல் டாலருக்கு எந்தக் கம்பி?

வைப்பாற்றில் பொறுக்கிய கூழாங்கல்லில் டாலர் செய்வது எப்படின்னு நிறையப் பேர் கேட்டீங்க. கல்லில் ஓட்டை போட நம்மகிட்ட கருவி கிடையாது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் சுமார் 2000 வருஷத்துக்கு முன்பே கல்மணிகளில் துளை போட்டிருக்கிறார்கள் என்று அகழாய்வில் தெரிந்தது. நமக்கு அது வராது! அதனால் கல்லைச் சுற்றிக் கம்பி கட்டித்தான் தொங்கவிட வேண்டும். அந்தக் கம்பியைச் சரியாக எடுக்கணும்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி முடிந்து தெருவில் கிடந்த மத்தாப்புக் கம்பியை எடுத்துக் கட்டினேன். நம்ம பக்கம் சும்மா கிடைப்பது அதுதானே. அது இரும்பு வகை. வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் பாதி நிமிர்ந்துவிடும். நுனி விரலில் குத்தி ரத்தம் வந்தது. எப்படியோ முடித்து என் தங்கச்சி கழுத்தில் போட்டேன். ஒரே வாரத்தில் அவள் வெள்ளைச் சட்டையில் துருக் கறை. ஆனால் அம்மா திட்டியது கறைக்காக இல்லை. "மருந்து ஒட்டின கம்பியப் பிள்ளை கழுத்துல போடுவியா?" என்றுதான். எரிந்து முடிந்த கம்பியிலும் மருந்துச் சாம்பல் ஒட்டியிருக்கும். அதை யாரும் எடுக்காதீங்க.

கற்றுக்கொள்ள நல்லது செம்புக் கம்பி. தங்கம், வெள்ளி போலவே செம்புக்கும் கம்பியாகும் தன்மை அதிகம். விலையோ வெள்ளியைவிட ரொம்பக் குறைவு. வீணானாலும் மனசு வலிக்காது.

கவனிக்க வேண்டியவை:

1. கம்பியின் பருமனை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலிசு. 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ. 26 கேஜ் சுமார் 0.45 மி.மீ. கல்லைத் தாங்கும் சட்டத்துக்கு 20, அதன்மேல் சுற்றிக் கட்ட 26 எடுக்கலாம். 18 கேஜ் நம்ம விரலுக்குக் கஷ்டம். 26-ஐ மட்டும் வைத்துக் கட்டினால் கல் நழுவி விழும்.

2. எண் தெரியாத கம்பியா? பென்சிலில் 10 சுற்று நெருக்கமாகச் சுற்றி ஸ்கேலில் அளந்து பாருங்க. 9 மி.மீ. வந்தால் அதை 10-ஆல் வகுக்கணும். கம்பி 0.9 மி.மீ.

3. விரலால் வளைத்தால் வளைந்தபடியே நிற்க வேண்டும். திரும்ப நிமிர்ந்தால் அது வேண்டாம்.

4. ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தாதீங்க. செம்பு அந்த இடத்தில் கெட்டியாகி முறிந்துவிடும். நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும்தான். ஆனால் பட்டாசு வேலை நடக்கும் ஊரில் அந்த விளையாட்டே வேண்டாம். புதுத் துண்டு எடுங்க.

5. மோட்டார் காயில் கட்டும் கடைக் கம்பியும் செம்புதான். மேலே வார்னிஷ் போல மெல்லிய பூச்சு இருக்கும். பழகுவதற்கு நல்லது. அதைத் தீயில் காட்டவே கூடாது, புகை கெடுதல்.

6. காது ஓட்டைக்குள் போகும் கொக்கிக்கு மட்டும் வெள்ளி வாங்குங்க. நிக்கல் கலந்த மலிவுக் கம்பி சிலருக்குக் காதில் அரிப்பு, புண் உண்டாக்கும்.

வெட்டும் முன் ஒரு நூலைக் கல்லில் சுற்றி அளவு பார்த்து, அதோடு ஒரு சாண் கூட்டி வெட்டுங்க. நுனியைக் குறடால் உள்பக்கம் மடக்கணும். வேர்வை பட்டுச் செம்பு கறுத்தால், வீட்டில் செம்புக் குடம் விளக்குவது மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

தங்கச்சிக்கு இப்போது செம்பில் புது டாலர் கட்டிக் கொடுத்துவிட்டேன். அதே கல்தான், கம்பிதான் மாறியது. இந்தத் தடவை அம்மாவே கழுத்தில் போட்டுவிட்டாங்க. நீங்களும் செய்து பாருங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி