நாயின் இடுப்பு மூட்டு வலியும் அதனைப் பராமரிக்கும் முறையும்

காலையில் படுக்கையை விட்டு எழும்போது பின்னங்கால்களை ஊன்ற இயலாமல், முன்னங்கால்களின் வலிமையால் உடலை இழுத்து எழும் நாயைப் பலரும் கண்டிருப்பர். சிறிது தூரம் நடந்தபின் அதன் நடை ஓரளவு சீர்பட்டுவிடும். ஆகவே, சோம்பல் என்றோ முதுமை என்றோ கூறி வீட்டார் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அல்சேஷன் என வழங்கும் ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், ராட்வைலர், செயின்ட் பெர்னார்டு முதலிய பேருருவ இனங்களில் இக்குறி தோன்றுமாயின், இடுப்பு மூட்டின் வளர்ச்சிக் குறையையே முதலில் ஐயுற வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல் 1935-இல் இக்குறையை நாய்களில் விவரித்தார்.

மூட்டின் அமைப்பை மாணவர்க்கு விளக்க எலுமிச்சம்பழம் ஒன்றும் குழிக்கரண்டி ஒன்றும் போதும். கரண்டியின் ஆழ்ந்த குழியில் பழம் அசையாது பொருந்தி உருளும். தட்டையான தட்டில் வைத்தால் அங்குமிங்கும் நழுவும். தொடை எலும்பின் உருண்டைத் தலை பழத்தைப் போன்றது. இடுப்பெலும்பின் கிண்ணம் கரண்டியைப் போன்றது. இக்குறையுள்ள குட்டிகளும் பிறக்கும்போது ஏறத்தாழச் சரியான மூட்டுகளுடனேயே பிறக்கின்றன. வளரும் மாதங்களில் மூட்டு தளர்ந்து, உருண்டை நழுவி, கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கிறது. குருத்தெலும்பு சிதைகிறது, விளிம்புகளில் புதிய எலும்பு முளைகள் தோன்றுகின்றன. இவ்வாறு தேய்ந்த மூட்டைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து எதுவும் இல்லை. ஆயினும் வலியைப் பெருமளவு தணிக்க இயலும்.

ஓடும்போது இரு பின்னங்கால்களையும் சேர்த்து முயல்போல் தாவுதல், படியேறத் தயங்குதல், தொடைச் சதை மெலிந்து தோள் பருத்தல் ஆகியவை பிற குறிகள். நாய் வலியால் கத்தும் என்று எதிர்பார்த்தல் தவறு. பெரும்பாலான நாய்கள் ஓசையின்றியே பொறுத்துக்கொள்கின்றன. எக்ஸ்-ரே படத்தில் காணும் சிதைவின் அளவும் நாய் படும் துன்பத்தின் அளவும் எப்போதும் ஒத்திருப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். படத்தை மட்டும் அன்றி நாயின் நடையையும் பார்த்தே சிகிச்சை முடிவு செய்யப்படும்.

பராமரிப்பில் முதலிடம் பெறுவது உடல் எடை. விலாவெலும்புகள் மெல்லத் தடவிய அளவில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து நோக்கின் இடை குறுகித் தெரிய வேண்டும். பருத்த நாய்களில் எடை 6 முதல் 9 சதவீதம் குறைந்த அளவிலேயே நொண்டுதல் தணிவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. 40 கிலோ எடையுள்ள லாப்ரடாருக்கு இஃது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை கிலோ மட்டுமே. வாரத்திற்கு ஒரு சதவீதம், அதாவது 400 கிராம் வீதம் குறைத்தல் நலம். உணவை அளந்தே இட வேண்டும். குடும்பத்தார் ஐவரும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் நெய் தடவிய சப்பாத்தித் துண்டும் அளித்துவிட்டு, நாய் "ஒன்றுமே தின்பதில்லை" என்று மருத்துவரிடம் கூறுவது வழக்கமான காட்சியே.

முழு ஓய்வு கொடுத்துக் கட்டிப்போடுதல் தீங்கு. தொடைத் தசைகளே தளர்ந்த மூட்டைத் தாங்கிப் பிடிப்பவை. அவை மெலிந்தால் வலி மிகும். நாளுக்கு இருமுறையோ மும்முறையோ, ஒவ்வொரு முறையும் பத்து முதல் இருபது நிமிடம், வாரிட்டு மண் தரையில் நடத்துதல் போதுமானது. பந்தை எறிந்து துரத்தச் செய்வதும், ஜீப்பிலிருந்து குதிக்க விடுவதும் கூடா. ஏறியிறங்கச் சரிவான பலகை ஒன்றை வைக்கலாம். சரிவான கரையுள்ள குளத்தில் நீந்தச் செய்தல் மிக நன்று. நீர் உடலைத் தாங்குவதால் மூட்டின் மேல் பளு விழுவதில்லை. நகரத்து வீடுகளின் வழுவழுப்பான பளிங்குத் தரையே இந்நாய்களுக்குப் பெரும் பகை. நாய் நடமாடும் வழியில் கயிற்றுப் பாயோ சாக்கோ விரித்தல் வேண்டும். நகங்களையும் பாதத்திடை மயிரையும் வெட்டிவிடுதல் வேண்டும். வட இந்தியக் குளிர்காலத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்க விடலாகாது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, மணிக்கட்டில் வைத்துச் சூட்டைச் சோதித்தபின், பத்து நிமிடம் இடுப்பில் ஒற்றடம் இடலாம்.

மருந்து பற்றியே பெரும் எச்சரிக்கை தேவை. மனிதருக்கான வலி மாத்திரையை அன்பினால் ஊட்டி நாயை இழந்தோர் உண்டு. ஐபுப்ரோபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. நாய்களுக்கு வழங்கப்படும் மெலாக்சிகாமிலும் அளவே உயிர்நிலை: முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பின்னர் நாள்தோறும் 0.1 மில்லிகிராம். 30 கிலோ நாய்க்குத் தொடர் அளவு 3 மில்லிகிராமே ஆகும். மனிதருக்கான 15 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அதனினும் ஐந்து மடங்கு. கார்ப்ரோபென் மற்றொரு தக்க மருந்து. எதுவாயினும் கால்நடை மருத்துவர் கல்லீரல், சிறுநீரக நிலையை இரத்தப் பரிசோதனையால் அறிந்த பின்னரே, உணவுடன் தர வேண்டும். இவ்வகை மருந்துகளுள் இரண்டை ஒருங்கே தருதலும், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளுடன் கலத்தலும் ஆபத்து. வாந்தி, கரிய மலம், உணவு மறுத்தல், கண் மஞ்சளித்தல் இவற்றுள் ஒன்று தோன்றினும் மருந்தை உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

களப்பணியாளர் டைக்ளோபெனாக்கை நன்கு அறிவர். அம்மருந்து இடப்பட்ட கால்நடைகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்ததால், 2006-இல் இந்திய அரசு அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடுத்தது. 2023-இல் கீட்டோபுரோபெனும் அசிக்ளோபெனாக்கும் தடைசெய்யப்பட்டன. எஞ்சிய புட்டி ஏதேனும் கிராமத்தில் கிடைப்பினும் நாய்க்கும் அதனை இடலாகாது.

மருந்தாலும் எடைக் குறைப்பாலும் வலி அடங்காவிடின் அறுவை சிகிச்சை உண்டு. தொடை எலும்பின் தலையை நீக்கிவிட்டால் தசையும் நாரும் சேர்ந்து ஒருவகைப் பொய்மூட்டை உண்டாக்கிக்கொள்ளும். எடை குறைந்த நாய்களில் இது நன்கு பயன்படுகிறது. முழு மூட்டையும் மாற்றும் சிகிச்சை சில பெரிய மருத்துவ நிலையங்களில் மட்டுமே நடைபெறுகிறது.

குறை பரம்பரையாக வருவது. பல மரபுக்கூறுகள் சேர்ந்து அதனை விளைவிக்கின்றன. ஆதலின் மூட்டுக் குறையுள்ள நாயை இனப்பெருக்கத்திற்கு விடலாகாது. ஆயினும் ஊட்டமும் பெரும்பங்கு கொள்கிறது. லாப்ரடார் குட்டிகள் 48-ஐ இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மற்றதை விட 25 சதவீதம் குறைவாக உணவளித்த அமெரிக்க ஆய்வில், குறைவாக உண்டவற்றுள் மூட்டுக் குறை அரிதாயிற்று. அவை சராசரியாக ஏறத்தாழ இரண்டாண்டு மிகுதியாகவும் வாழ்ந்தன. குட்டி கொழுகொழுவென வளர வேண்டுமென்று சரிவிகித உணவின் மேல் சுண்ணச்சத்து மருந்தையும் ஊட்டுவோர், அதன் எலும்பு வளர்ச்சியைக் கெடுத்தவராவர்.

குறையுள்ள நாய்க்கு ஒரு குறிப்பேடு வைத்தல் உதவும். வாரந்தோறும் எடை, காலையில் எழுந்து நிற்கப் பிடித்த நேரம், நடந்த தூரம், தந்த மருந்தின் அளவு ஆகியவற்றைத் தேதியுடன் எழுதிவரின், அடுத்த முறை மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்பதை மருத்துவர் அப்பக்கங்களைக் கண்டே முடிவு செய்ய இயலும்.